காலை ஆறு மணி யாருக்கு? மும்பையில் பாடியும் பாடம் சொல்லியும் பிழைக்கும் வழிகள்

என்னிடம் பதினான்கு வருடமாகப் பாட்டுக் கற்றுக்கொள்ளும் பெண், பாடம் முடிந்து நோட்டை மூடிய பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள். முலுண்டில் வீடு. அந்தேரியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. வயது 24. ஆல் இந்தியா ரேடியோவின் பாடகர் தேர்வில் 'பி' கிரேடு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. "மாமி, வேலையை விட்டுடட்டுமா?" என்றாள். நான் காபி கலக்க உள்ளே போய்விட்டேன். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் எங்கள் வீட்டில் அதுதான் வழி.

அன்றைக்கு அவளிடம் சொன்னது கொஞ்சம்தான். அடுத்த வாரம் அவள் அப்பா ஒரு எக்செல் தாளோடு வந்தார். சென்னைக்குப் போவது, பள்ளிக்கூட வேலை, வீட்டுப் பாடம், ஆன்லைன், டான்ஸுக்குப் பாடுவது என்று வரிசையாகப் போட்டு, எதிரே மாத வருமானம், செலவு, நிச்சயம் என்று மூன்று பத்தி. நல்ல மனிதர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் இன்னொரு பத்தி சேர்க்கச் சொன்னேன்: காலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை அந்த வழி யாருக்குக் கொடுக்கிறது? அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

காரணம் இருக்கிறது. செம்பூரில் 26 வருடமாகப் பாடம் சொல்கிறேன். மேலே உள்ள வழிகளில் சென்னைக் குடியேற்றம் தவிர எல்லாவற்றிலும் கால் வைத்திருக்கிறேன், இரண்டிலிருந்து வெளியேறியும் இருக்கிறேன். வருமானம் குறைந்தால் ஒரு வகுப்பு கூடுதலாக எடுத்துச் சரிக்கட்டலாம். காலை சாதகம், அதாவது தினப் பயிற்சி, போனால் அதை மாலையில் திருப்பி எடுக்க முடியாது. தூங்கி எழுந்த குரலில் கீழ் ஸ்தாயியில் நிதானமாக 'ஆ' என்று நீட்டி அகாரம் பிடிப்பது வேறு, நாலு வகுப்பு முடித்த தொண்டையோடு ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்வது வேறு. ஐந்து வருடம் காலை இல்லாமல் போனால் அது குரலில் தெரியும். எனக்குத் தெரிந்தது.

சரி, ஒவ்வொன்றாக.

சென்னை

இதைத்தான் அவள் முதலில் கேட்டாள், எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். அதற்கு ஊரில் ஒரு சான்று வேறு தயாராக இருக்கிறது. பம்பாய் சகோதரிகள் சரோஜா, லலிதா இருவரும் இங்கே எஸ்.ஐ.இ.எஸ். பள்ளியில் படித்தவர்கள். அருணா சாய்ராம் இங்கே பிறந்தவர். பம்பாய் ஜெயஸ்ரீ இங்கே வளர்ந்தவர். சகோதரிகளுக்கு 2010, அருணா சாய்ராமுக்கு 2018, ஜெயஸ்ரீக்கு 2023 என்று எல்லோருக்குமே மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. நாலு பேருமே சென்னைக்குக் குடிபோனவர்கள். பெயரில் பம்பாயை வைத்துக்கொண்டு வீட்டை மயிலாப்பூர் பக்கம் வைத்துக்கொள் என்பதுதான் சூத்திரம் போலத் தோன்றும்.

கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும். பம்பாய் சகோதரிகள் சென்னையில் போய்ச் சேர்ந்த இடம் முசிறி சுப்பிரமணிய ஐயர். ஜெயஸ்ரீ இங்கே டி.ஆர். பாலாமணியிடம் வருடக்கணக்கில் கற்று, அதற்குப் பிறகு 1989-இல் லால்குடி ஜெயராமனிடம் போனார். இவர்கள் மேடை தேடிப் போகவில்லை. குருவைத் தேடிப் போனார்கள், மேடை பின்னால் வந்தது. என் மாணவியிடம் "சென்னையில் யாரிடம்?" என்று கேட்டேன். பதில் இல்லை. "டிசம்பர்ல சான்ஸ் கிடைக்கும் மாமி" என்றாள்.

அந்த டிசம்பர் சங்கீத சீசன் சான்ஸ் எனக்கும் ஒருமுறை கிடைத்தது. 2001-இல் ஒரு சபாவில் பகல் பன்னிரண்டு மணிக் கச்சேரி. எதிரே பதினேழு பேர், நான் எண்ணினேன், எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். நாலு பேர் என் உறவு. மீதிப் பேரில் பாதி கேன்டீனில் சாப்பாடு தயாராகக் காத்திருந்தவர்கள். காம்போதி ராகத்தில் ஒரு வரியை விரித்துப் பாடும் நிரவல் தொடங்கியபோது இரண்டு பேர் எழுந்து போனார்கள், சாம்பார் வாசனை வந்துவிட்டது. பக்கவாத்தியக்காரர்களுக்கு என் கைப்பணம், போக வர தாதர் எக்ஸ்பிரஸ். பொன்னாடை மட்டும் சபாவுடையது. பகல் வேளை, பிற்பகல், நாலு மணி, அப்புறம் சாயந்திரப் பெரிய கச்சேரி என்று ஏறும் படிக்கட்டில் முதல் படியிலேயே பத்து வருடம் நிற்கிற நல்ல பாடகர்களை எனக்குத் தெரியும். அவர்கள் சென்னையிலேயே இருப்பவர்கள்.

ஆனால் என் நாலாவது பத்தியில் சென்னைக்கு நல்ல மதிப்பெண் விழும். காலை முழுக்க உன்னுடையது. இரண்டு மணி நேர ரயில் கிடையாது. அந்தக் காலையில் உட்கார்ந்து 'இந்த இடத்தில் ரிஷபம் தூக்கலா இருக்கு' என்று சொல்ல ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். அப்படி ஒருவர் சேர்த்துக்கொண்டால் போகலாம், தயங்கவே வேண்டாம். வாடகைக்குக் கொஞ்சம் உதவியும் உண்டு. மத்திய கலாசார அமைச்சகம் இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருடம் தருகிறது. வயது 18 முதல் 25 வரை. குருவிடம் சில வருடப் பயிற்சி இருக்க வேண்டும், அது இவளுக்கு வேண்டிய மட்டும் இருக்கிறது. இவளுக்கு 24. அதனால் இந்தக் கேள்வியை இரண்டு வருடம் கழித்துக் கேட்க முடியாது, அதை மட்டும் அப்பாவிடம் அழுத்திச் சொன்னேன். 25 தாண்டினால் ஜூனியர் ஃபெல்லோஷிப் என்று மாதம் 10,000 ரூபாய்க்கு இன்னொன்று இருக்கிறது, ஆனால் அது ஆய்வுத் திட்டம் எழுதி வாங்குவது, வேறு ரகம்.

பள்ளிக்கூட வேலை

அப்பாவின் தாளில் 'நிச்சயம்' என்ற பத்தியில் முதலிடம் இதற்குத்தான். கேந்திரிய வித்யாலயாவில் ஆரம்ப வகுப்புகளுக்கான இசை ஆசிரியர் பணி ஏழாவது சம்பளக் கமிஷன் கணக்கில் ஆறாம் நிலை. அடிப்படை 35,400 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி, மும்பை போன்ற ஊரென்றால் வீட்டு வாடகைப்படி. எங்கள் தொழிலில் இவ்வளவு சுத்தமான சம்பளம் வேறு எங்கும் இல்லை. ஆனால் இசையில் பட்டம் வேண்டும். இவளிடம் இருப்பது பி.காம். குருவிடம் பதினான்கு வருடம் கற்ற பாடாந்தரம் இருந்தும் அந்த விண்ணப்பத்தில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. பட்டம் வாங்கி, பரீட்சை எழுதித் தேறினாலும் இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் மாற்றுவார்கள். ஜோத்பூரில் மிருதங்கம் யார் வாசிப்பார்கள்?

தனியார் பள்ளியில் நான் மூன்று வருடம் வேலை பார்த்தேன். காலை 7.10 மணிக்குள் கையெழுத்து. நாற்பது குழந்தைகளோடு இந்திப் பிரார்த்தனை, மராத்திப் பாட்டு, டிசம்பரில் ஆண்டு விழா. அதற்கு மூன்று மாதம் ஒத்திகை. பரீட்சை நெருங்கினால் என் பீரியடைக் கணக்கு டீச்சர் கேட்டு வாங்கிக்கொள்வார், நானும் நிம்மதியாகக் கொடுத்துவிடுவேன். குழந்தைகள் மேல் குறை இல்லை, தங்கமான குழந்தைகள். என் தொண்டைதான் தாங்கவில்லை. நாற்பது பேர் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்றால் பாடுவதில்லை, கத்துவதுதான். அங்கே கூட வேலை பார்த்தவர் ஒருவர் ஒரு கட்டை என்ற தாழ்ந்த சுருதியில் பாடுகிறவர். குழந்தைகளுக்கு அதைவிட உயரமாக ஐந்து, ஐந்தரைக் கட்டை. நாள் முழுக்க அவர்கள் சுருதியில் பாடிக் காட்டி, சாயந்திரம் தன் சுருதிக்குத் திரும்பும்போது மந்தர பஞ்சமம் காற்றாக வரும் என்பார். மூன்றாவது வருடம் எனக்குத் தார ஸ்தாயி காந்தாரம் கீறல் விழுந்தது. அந்த மார்ச்சோடு விட்டுவிட்டேன்.

நாலாவது பத்தியில் இதற்குப் பூஜ்யம். மேலே பேச ஒன்றுமில்லை.

வீட்டுப் பாடம்

மும்பையில் தமிழ் வித்வான்கள் அதிகம் பேர் பிழைப்பது இதில்தான். மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி, வாஷி என்று எங்கே தமிழ், மலையாளக் குடும்பங்கள் கூடி இருக்கிறதோ அங்கே சாயந்திரம் ஐந்து மணிக்கு ஒரு சரளி வரிசை கேட்கும். இப்போது என்னிடம் 22 பேர். அதில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சாகித்யத்தைத் தேவநாகரியில் எழுதிக்கொள்கிறார்கள், 'ழ' வரும் இடத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுவைப்பது என் ஏற்பாடு. நட்சத்திரத்தைப் பார்த்ததும் நாக்கை மடக்க வேண்டும். மராத்திக் குழந்தைகள் இதை நம் குழந்தைகளைவிடச் சுலபமாகச் செய்கிறார்கள், அவர்களிடம் 'ள' ஏற்கெனவே இருக்கிறது. என்னை மாமி என்று கூப்பிடுவது பழைய ஆட்கள் மட்டும். மற்றவர்களுக்கு நான் ஆன்ட்டி.

வருமானம் மேடு பள்ளம். மே மாதம் ஊருக்குப் போய்விடுவார்கள், பாதிப் பேர் அந்த மாதச் சம்பளம் தரமாட்டார்கள், கேட்கவும் கூசும். ஒன்பதாம் வகுப்பு வந்தால் டியூஷன், பத்தாம் வகுப்பில் பாட்டு நிற்கும். சரியாகக் கீர்த்தனைகள் உட்காரத் தொடங்கி, ஸ்வரங்களைத் தானே கோத்துப் பாடும் கற்பனாஸ்வரம் சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைக்கிற வயது அது. அதற்காக நான் இப்போது அழுவதில்லை. ஓய்வு பெற்ற பெண்மணிகள் நாலு பேர் வருகிறார்கள், பரீட்சையும் இல்லை, மே லீவும் இல்லை. சம்பளம் ஒன்றாம் தேதி. குரல் கொஞ்சம் நடுங்கும், தாளம் மட்டும் பிசகாது.

சபா நடத்தும் பள்ளியில் சொல்லிக்கொடுப்பதும் இதே வகைதான். ஷண்முகானந்தாவின் வித்யாலயா, செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற இடங்களில் பாடத்திட்டம் உண்டு, வகுப்பு நேரம் உண்டு, சம்பளத்துக்குப் பெற்றோரிடம் வாய் திறக்க வேண்டாம். கையில் வருவது வீட்டுப் பாடத்தைவிடக் குறைவு. ஆனால் நாலு வித்வான்களோடு தினம் முகம் பார்க்கிற பழக்கம் பல கச்சேரிகளைக் கொண்டுவரும். வெளியூர்ப் பாடகருக்குக் கடைசி நிமிடத்தில் தம்புரா போட ஆள் வேண்டும், வயலினுக்கு ஆள் வேண்டும் என்றால் யார் கண்ணில் படுகிறாரோ அவருக்குத்தான் ஃபோன் போகும்.

வரி பற்றி அப்பா கேட்டார், அதனால் ஒரு வரி. தனி ஆளாகக் கலை சொல்லிக்கொடுப்பதற்கு ஜி.எஸ்.டி. இல்லை. சாஸ்திரிய சங்கீதக் கச்சேரிக்கும், ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை இல்லை. அந்த ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிடுவோமோ என்ற பயத்தில் நான் தூக்கம் இழந்ததில்லை.

நாலாவது பத்தி: வீட்டுப் பாடம் சாயந்திரத்தைத்தான் தின்கிறது. காலை அப்படியே இருக்கும்.

ஆன்லைன்

என் காலையும் அப்படித்தான் இருந்தது என்று சொல்ல வேண்டும். 2020-இல் எல்லோரையும் போல நானும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன், இன்னும் எழுந்திருக்கவில்லை. இன்றைக்கு என் வருமானத்தில் பெரிய பங்கு இதுதான், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை. அங்கே நியூ ஜெர்சியில் திங்கள் இரவு எட்டு. ஒன்பது வயதுப் பெண், பல் தேய்க்கும் நேரம் நெருங்கிவிட்ட முகம். எனக்குப் பின்னால் அடுப்பில் பால், ஜன்னலுக்கு வெளியே செம்பூர் ஸ்டேஷனிலிருந்து முதல் கூட்டம் நடக்கும் சத்தம். மோகன வர்ணம் நடக்கிறது. நான் இங்கே தாளம் போட்டால் அது அங்கே போய்ச் சேர்ந்து அவள் குரலாகத் திரும்பி வருவதற்குள் ஒரு அட்சரம் நழுவியிருக்கும். அதனால் சேர்ந்து பாடவே முடியாது. நான் பாடி நிறுத்த வேண்டும், அவள் பாட வேண்டும், அவள் தாளம் அவளே போட வேண்டும். என் கை கேமராவில் தெரிந்தால் அதைப் பார்த்துக் குழம்புவாள், கையை மடியில் வைத்துக்கொள்வேன். முதல் மூன்று மாதம் அவள் பக்கத்துச் சுருதிப் பெட்டி எனக்குக் கேட்கவே இல்லை, அவள் சுருதி விலகுகிறாளா என்று ஊகித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் புரிந்தது. ஸூம், தம்புராவை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து வடிகட்டிவிடுகிறது. 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதை இரண்டு பக்கமும் போட்டால்தான் சுருதி தாண்டி வரும். நூற்றாண்டுகளாக நாம் ஆதாரம் என்று சொல்வதை ஒரு மென்பொருள் இரைச்சல் என்று தள்ளிவிட்டது. எனக்குச் சிரிப்புதான் வந்தது.

குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கே இருக்கும் குழந்தைகள் சிரத்தையாகப் படிக்கிறார்கள். கிளீவ்லாந்தில் 1978-இல் தொடங்கிய தியாகராஜ ஆராதனைக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். போட்டிக்குத் தயார் செய்கிறேன் என்றால் வாரம் மூன்று வகுப்பு கேட்பார்கள். ஒரு மாணவர் தரும் தொகை இங்கே மூன்று பேர் தருவது. மே லீவிலும் வருகிறது.

ஆனால் நேரம்? அவர்கள் சாயந்திரம் நமக்குக் காலை. கலிபோர்னியாவில் மாலை ஆறு என்றால் இங்கே காலை ஆறரை. ஐந்தரையிலிருந்து எட்டரை வரை வரிசையாக நாலு குழந்தைகள், வாரத்தில் ஐந்து நாள். நான் அகார சாதகம் செய்த அதே நாற்காலி, அதே ஜன்னல், அதே நேரம். நான் பாடுவது இப்போது ஆரம்பப் பாடமான ஜண்டை வரிசை. வயது ஐம்பது, பெரிய மேடைக் கனவு இல்லை, பெண்ணுக்குப் படிப்புச் செலவு இருந்தது. கணக்குப் பார்த்துத்தான் விற்றேன். 24 வயதில் விற்கக் கூடாது. அப்பாவின் தாளில் வருமானத்தில் முதலிடம் பிடித்த வழி என் பத்தியில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. லண்டன், துபாய்க் குழந்தைகளாக இருந்தால் காலை தப்பிக்கும், அவர்களுக்கு நம் ராத்திரி போதும். அப்படிக் கிடைப்பது அபூர்வம்.

டான்ஸுக்குப் பாடுவது

இதை அப்பா தாளில் கடைசியாகத்தான் போட்டிருந்தார், அதுவும் அடைப்புக்குறிக்குள். மும்பையில் இதை அப்படி ஓரமாக வைக்க முடியாது. மாட்டுங்காவில் ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் 1945-இலிருந்து இருக்கிறது. ஜுஹூவில் நாளந்தா பரதத்துக்குப் பட்டமே தருகிறது. இவர்கள் மாணவிகள், அவர்களுடைய மாணவிகள் என்று புறநகர் ஒவ்வொன்றிலும் ஒரு டீச்சர். மராத்தி, குஜராத்திக் குடும்பங்கள் பெண்ணுக்குப் பரதம் சொல்லிவைக்கிறார்கள். அரங்கேற்றம் என்றால் பாட்டு, தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கம், மிருதங்கம், வயலினோ புல்லாங்குழலோ, நாலு பேருக்கு வேலை. இந்த ஊரில் தனிக் கச்சேரி கேட்க வருகிறவர்களைவிட, நம் பாட்டைப் பரதத்தின் வழியாகக் கேட்கிறவர்கள் அதிகம் என்று தோன்றும்.

பணமும் நேர்மையானது. ஒத்திகைக்கு இவ்வளவு, நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று முன்னாலேயே பேசிவிடுவார்கள். பொன்னாடையோடு முடிந்துபோகாது. நல்ல சீசனில் ஒரு அரங்கேற்றம் எனக்கு நாலைந்து கோயில் கச்சேரிக்குச் சமம். ஒத்திகை சனி, ஞாயிறு, இல்லையென்றால் சாயந்திரம். ஆடும் பெண்ணுக்கும் பள்ளிக்கூடம் இருக்கிறதே, அதனால் காலையில் யாரும் கூப்பிடமாட்டார்கள்.

அங்கே கற்றுக்கொள்வதும் நிறைய. நாற்பது நிமிட வர்ணத்தில் ஒரு வரியை எட்டு முறை பாட வேண்டும், எட்டும் வேறாக இருக்க வேண்டும், ஆனால் காலப்பிரமாணம் ஒரு நூல்கூட நகரக் கூடாது. அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே பாட வேண்டும். நாயகி சந்தேகப்படுகிற இடத்தில் குரல் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். பதங்களை நான் உண்மையில் புரிந்துகொண்டது வித்வான்களிடம் இல்லை, ஒரு நட்டுவனாரிடம். "அம்மா, அவ கோபமா இருக்கா, நீங்க ஏன் சந்தோஷமா சங்கதி போடறீங்க?" என்று அவர் ஒருமுறை தாளத்தை நிறுத்திக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

இதற்கும் விலை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 'அந்த அம்மா டான்ஸுக்குப் பாடறவங்க' என்று சபா செக்ரட்டரிகள் வாயில் ஒருமுறை வந்துவிட்டால், கச்சேரிப் பட்டியலில் பெயர் சத்தமில்லாமல் கீழே இறங்கும். அநியாயம்தான், பாடுகிறவர்களே இந்தப் பேச்சை வளர்க்கிறார்கள். இன்னொன்று நியாயமான பயம். டான்ஸில் ராக ஆலாபனை இரண்டு நிமிடம். கற்பனாஸ்வரம் இல்லை. மனோதர்மம், அதாவது அந்த நேரத்துக் கற்பனையில் பாடுவது, வேறு விதமாக வளரும், ஆனால் அரை மணி நேரம் தோடியோடு தனியாக உட்கார்ந்திருக்கும் தைரியம் தேய்ந்துவிடும். அதைத் தேய விடாமல் வைத்துக்கொள்ள ஒரே இடம் காலை ஆறு மணி. அது இந்த வழியில் உன் கையில் இருக்கிறது. அதனால் மும்பையிலேயே இருப்பதென்றால் வீட்டுப் பாடமும் டான்ஸும் சேர்ந்த இந்தக் கலவைதான் என் தேர்வு.

கச்சேரி மட்டும்

மும்பையில் இருந்துகொண்டு கச்சேரியை மட்டும் நம்பி வாழ முடியாது. சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பெரிய சபாக்களில் சனிக்கிழமை சாயந்திரம் சென்னையிலிருந்து வருபவர்களுக்கு. நமக்கு நவராத்திரி, ராம நவமி, மாட்டுங்கா ஆஸ்திக சமாஜம், சேடா நகர் முருகன் கோயில், புறநகர் சபாக்கள், ஜனவரியில் பஞ்சரத்ன கோஷ்டி. வருடத்தில் பன்னிரண்டு கச்சேரி வந்தால் எனக்கு அது நல்ல வருடம்.

இதில் பழைய கதை ஒன்று. 1990-இல் ஷண்முகானந்தா அரங்கம் தீப்பிடித்தது, திரும்பத் திறந்தது 1998-இல். அந்த எட்டு வருடம்தான் நான் மேடை ஏறத் தொடங்கிய காலம். கச்சேரிகள் சின்ன மண்டபங்களில், பள்ளிக்கூட ஹாலில், கோயில் பின்கட்டில் நடந்தன. இருநூறு நாற்காலி இருக்கும் இடத்தில் உள்ளூர்ப் பெண்ணைப் பாடவைக்க யாருக்கும் தயக்கம் இல்லை. ஏறத்தாழ மூவாயிரம் நாற்காலிக்கு அந்தத் தைரியம் வராது, அதில் தப்பும் இல்லை. இன்றைக்கும் உள்ளூர்க்காரர்களுக்கு வேண்டியது அந்த இருநூறு நாற்காலிதான்.

பக்கவாத்தியம் வாசிப்பவர்களுக்குக் கணக்கு வேறு. கச்சேரி, டான்ஸ், பஜனை என்று எல்லாவற்றுக்கும் அவர்கள் வேண்டும். நல்ல மிருதங்க வித்வான் இந்த ஊரில் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. இரண்டு மிருதங்கத்தோடு சாயந்திரம் ஆறு மணிக்கு கல்யாண் ஃபாஸ்ட்டில் லக்கேஜ் டப்பாவில் மீன் கூடைக்கும் சைக்கிளுக்கும் நடுவே நின்றுகொண்டு வருவார்கள். அந்தக் கஷ்டத்தைச் சம்பளத்தில் யாரும் சேர்ப்பதில்லை.

ரேடியோவைப் பற்றி: இவளுக்குக் கிடைத்த 'பி' கிரேடு நல்ல விஷயம். 'பி-ஹை', 'ஏ' என்று ஏற வேண்டும். அதிலிருந்து வரும் தொகையை வருமானம் என்று தாளில் போட வேண்டாம் என்றேன். சபாவுக்கு அனுப்பும் கடிதத்தில் பெயருக்குக் கீழே எழுதத்தான் அது. நிலைய வித்வான் வேலை என்று ஒரு தலைமுறை நம்பி இருந்தது, இப்போது அதை நம்பி யாரும் காத்திருப்பதில்லை.

தாளில் இல்லாத வழி

இவ்வளவும் போட்ட பிறகு அப்பா ஒன்று கேட்டார். "இப்போ இருக்கிற வேலையை நாலாவது பத்தியில எங்கே வைக்கிறது?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. மும்பையில் கர்நாடக சங்கீதத்தை நடத்திவந்ததே வேலைக்குப் போனவர்கள்தானே. வங்கி, ரயில்வே, பாபா அணு ஆராய்ச்சி மையம் என்று பகலில் கோப்பு பார்த்துவிட்டு, சனி ஞாயிறு மேடை ஏறியவர்கள். என் குரு காலையில் பாடிவிட்டு 8.40 ரயில் பிடித்தவர். மாத வாடகைக்காக யாரிடமும் கச்சேரி கேட்க வேண்டிய நிலை அவருக்கு வரவில்லை. பிடிக்காத இடத்தில் பாடவும் இல்லை.

இவள் கணக்கைப் போட்டோம். முலுண்டிலிருந்து காட்கோபர், அங்கே மெட்ரோ மாறி அந்தேரி. எட்டேகாலுக்கு வீட்டை விட்டால் போதும். அப்படியென்றால் ஐந்தரையிலிருந்து எட்டு வரை இவளுடையதுதான். நாங்கள் போட்ட எல்லா வழிகளிலும் காலையை முழுசாக விட்டுவைப்பதில் சென்னையும் வீட்டுப் பாடமும் டான்ஸும், இவள் விட நினைக்கிற வேலையும்தான் ஒரே வரிசை. "அந்த நேரத்துல என்ன பண்றே?" என்று கேட்டேன். ஏழரை வரை தூங்குகிறாளாம். ராத்திரி ஒன்பதரைக்கு வீடு, சாப்பிட்டு, ஃபோனைப் பார்த்துவிட்டுப் படுக்கப் பன்னிரண்டரை. மார்ச்சில் ஆடிட் சமயம் இன்னும் மோசம். அவளைத் திட்டவில்லை. அந்த வயதில் நானும் தூங்கினேன், என்னை எழுப்ப அம்மா இருந்தாள்.

கடைசியில் இப்படி முடிவாயிற்று. உதவித்தொகைக்கு இந்த வருடமே விண்ணப்பிப்பது. சென்னையில் நான் மனதில் வைத்திருக்கும் ஒருவருக்கு இவள் பாடிய தோடியையும் பைரவியையும் அனுப்புவது, அவர் வா என்றால் மூட்டை கட்டுவது, இல்லையென்றால் இல்லை. அதுவரை வேலை இருக்கட்டும். சனிக்கிழமை முலுண்டில் ஒரு டான்ஸ் டீச்சரிடம் ஒத்திகைக்குப் போகட்டும், பழகட்டும். அப்பாவுக்குத் திருப்தி. அவளுக்கு அரைத் திருப்தி, வேலையை நாளைக்கே விடு என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்து வந்தவள்.

இன்னொன்றும் கேட்டாள். "மாமி, காலைல ஆறரைக்கு நீங்க கேட்டா நான் எழுந்துப்பேன். தனியா எழுந்துக்க மாட்டேன்." முலுண்டிலிருந்து அந்த நேரத்துக்குச் செம்பூர் வந்து, திரும்ப அந்தேரி போவது நடக்காது. ஸூமில்தான் முடியும். ஒரு மணி நேரம் அவள் பாட்டுக்குச் சாதகம் செய்வாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன், 'ஒரிஜினல் சவுண்ட்' போட்டு. ஆறரையில் எனக்குக் கலிபோர்னியா இருந்தது, செவ்வாய், வியாழன். அந்தக் குழந்தையின் அம்மாவிடம் பேசி ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டேன். மூன்று வாரமாக நடக்கிறது, ஒரே ஒரு நாள்தான் தூங்கிவிட்டாள். நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவார்கள், அப்போது நியூ ஜெர்சியின் ஐந்தரை எனக்கு ஆறரை ஆகிவிடும். அதற்குள் நியூ ஜெர்சிக் குழந்தையின் அம்மாவுக்கும் ஒரு மெசேஜ் போட வேண்டும்.